போர்க்காலப் பொருள்களை மெட்டல் டிடெக்டரில் தேடுவது: நண்பர் குழுவுக்கு முழுமையான வழிகாட்டி

மெஷின் கைக்கு வந்த அன்றே பால்மரக் (ரப்பர்) காட்டுக்குள் இறங்கிவிடத்தான் எல்லோருக்கும் ஆசை. நாங்கள் நான்கு நண்பர்கள் சனிக்கிழமைகளில் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறை தெற்குப் பகுதியின் நிபோங் திபால் சுற்றுவட்டாரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலப் பொருள்களைத் தேடிவருகிறோம். எங்களோடு சேர வந்த புதியவர்கள் தடுமாறிய இடங்களைத் தொடர்ந்து கவனித்திருக்கிறேன். பாதிப் பேர் மெஷினைத் தொடுவதற்கு முன்பே தவறிவிடுகிறார்கள். மீதிப் பேர் சத்தம் கேட்டதும் தவறுகிறார்கள். அதனால் இங்கே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். மூன்றாவது படியை முடிக்காமல் ஏழாவது படிக்குப் போகிறவரை நாங்கள் குழுவில் சேர்ப்பதில்லை.

1. முதலில் எழுத்தில் அனுமதி

மலேசியாவில் இது "யாருக்குத் தெரியப்போகிறது" என்று செய்யக்கூடிய பொழுதுபோக்கு அல்ல. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005-இன்படி, மரபுடைமைப் பொருள்களைத் தேடி நிலத்தைத் தோண்டுவதற்கு உரிமம் வேண்டும். தற்செயலாக அப்படி ஒரு பொருள் கிடைத்தாலும் மரபுடைமை ஆணையருக்கோ அந்த வட்டாரத்தின் மாவட்ட அதிகாரிக்கோ உடனே சொல்ல வேண்டும். பினாங்குக்கு 2011-இல் இயற்றிய தனி மாநில மரபுடைமைச் சட்டமும் இருக்கிறது.

ஆகவே முதல் கடிதம் ஜபாத்தான் வாரிசான் நெகாராவுக்கு (தேசிய மரபுடைமைத் துறை) போக வேண்டும். எந்த நிலம், அதன் லாட் எண், எத்தனை பேர், எந்த மாதம், எவ்வளவு ஆழம் வரை தோண்டுவீர்கள், கிடைப்பதை என்ன செய்வீர்கள் என்று ஒரே பக்கத்தில் மலாயில் எழுதுங்கள். பதில் வரும்வரை மெஷினை வீட்டில் பழகலாம். அதற்கும் நேரம் தேவைப்படும்.

இரண்டாவது கடிதம் நில உரிமையாளருடையது. "போங்க தம்பி, பார்த்துக்குங்க" என்று வாயால் சொன்னது போதாது. அவர் கையெழுத்து, தொலைபேசி எண், நிலப்பட்டாவின் நகல் மூன்றும் கையில் இருக்க வேண்டும். ரோந்து போலீஸ் வந்து நின்றால் உங்களுக்காகப் பேசப்போவது அந்தத் தாள்தான். உரிமையாளரின் மகனிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போய், பெரியவர் வந்து சத்தம்போட, பாதியில் திரும்பிய குழு ஒன்று எனக்குத் தெரியும்.

கடற்கரையும் ஆற்றங்கரையும் பெரும்பாலும் அரசு நிலம். வனக்காப்பகம் வனத்துறையின் கையில். ஜோர்ஜ்டவுனின் பழைய பகுதி 2008 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளம். அங்கே மெஷினை வெளியே எடுக்கவே வேண்டாம். பத்து மாவுங் குன்றிலுள்ள பிரிட்டிஷ் கோட்டையைச் சுற்றியும் அப்படித்தான். தனியார் சிறுதோட்டம்தான் தொடங்குவதற்குச் சரியான இடம்.

2. நிலத்தைத் தேர்ந்தெடுப்பது

பினாங்குத் தீவில் 1941 டிசம்பர் 11-இல் பெரிய குண்டுவீச்சு நடந்தது. 16-ஆம் தேதி இரவோடு பிரிட்டிஷ் ராணுவம் வெளியேறியது. 19-ஆம் தேதி ஜப்பானியர் வந்து இறங்கினார்கள். தீவில் தரைச்சண்டை என்று சொல்ல அதிகம் இல்லை. அதனால் அங்கே மண்ணுக்குள் இருக்க வாய்ப்புள்ளவை குண்டும் குண்டுச் சிதறலும்தான். புதியவர்கள் தேடிப்போகக் கூடாதவையும் அவைதான்.

பெருநிலப் பக்கத்தில் கதை வேறு. கெடாவிலிருந்து பின்வாங்கிய 11-ஆவது இந்தியப் படைப்பிரிவு டிசம்பர் 18 வாக்கில் கிரியான் ஆற்றைக் கடந்து தெற்கே போனது. களைத்துப்போய் நடக்கிற படை பொருள்களைத் தவறவிடும். பட்டன், பக்கிள், சில்லறைக் காசு, டப்பா திறக்கும் சாவி எல்லாம் இப்படி வழியில் விழுந்தவை. எங்களுக்கு வேண்டியது இந்தப் பொருள்கள். வெடித்த இடங்கள் வேண்டாம். உட்கார்ந்து இளைப்பாறிய இடங்களைத் தேடுங்கள்.

உட்கார்ந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சிப்பாயைப் போல யோசியுங்கள். பழைய சாலையிலிருந்து கூப்பிடு தூரம். ஆகாயத்திலிருந்து தெரியாதபடி மர நிழல். பக்கத்தில் கிணறோ ஓடையோ. மழை பெய்தால் தண்ணீர் நிற்காத சின்ன மேடு. இந்த நான்கும் சேர்ந்திருக்கும் இடத்தைப் பழைய நிலவரைபடத்தில் பென்சிலால் வட்டமிடுங்கள். இன்று செம்பனை (எண்ணெய்ப்பனை) நிற்கும் இடத்தில் அன்று பால்மரம் நின்றிருக்கலாம். மறுநடவின்போது புல்டோசர் புரட்டிய மண்ணாகவும் இருக்கலாம். புரட்டிய நிலத்தில் பொருள் கிடைத்தாலும் அது விழுந்த இடம் அதுவல்ல. எனவே மறுநடவு எப்போது நடந்தது என்று உரிமையாளரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தைவிட எனக்கு அதிகம் உதவியவர்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்த பாட்டிகள். "ஜப்பான்காரன் காலத்துல இங்க என்ன நடந்துச்சு பாட்டி?" என்று மொட்டையாகக் கேட்டால் பசியைப் பற்றியும் மரவள்ளிக்கிழங்கைப் பற்றியும் சயாமுக்கு ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றியும் சொல்வார்கள். அதைப் பொறுமையாகக் கேளுங்கள். இடையில் வெட்டாதீர்கள். பிறகு, "அப்ப கிணறு எந்தப் பக்கம் இருந்துச்சு? சிப்பாய்ங்க எங்க தண்ணி எடுத்தாங்கன்னு உங்க அம்மா சொல்லியிருக்காங்களா?" என்று கேளுங்கள். கிணறு எங்கே என்று தெரிந்தால் பாதி வரைபடம் கைக்கு வந்துவிட்டது.

3. தொடக்கூடாதவற்றை மனப்பாடம் செய்வது

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். எண்பது ஆண்டு மண்ணில் கிடந்த வெடிபொருள் செத்துவிட்டது என்று நினைப்பது தவறு. ஜப்பானியக் குண்டுகளில் பிக்ரிக் அமிலம் நிரப்பியவை உண்டு. அந்த அமிலம் உலோகத்தோடு சேர்ந்து காலப்போக்கில் உருவாக்கும் உப்புகள் சின்ன அதிர்ச்சிக்கும் உராய்வுக்கும் வெடிக்கக்கூடியவை. வெண்பாஸ்பரஸ் நிரப்பிய புகைக்குண்டு ஈரமண்ணில் அமைதியாகக் கிடக்கும். ஓடு அரித்த நிலையில் வெளியே எடுத்துக் காற்றுப்பட்டதும் தானாகத் தீப்பிடிக்கும். அதாவது சில பொருள்கள் மண்ணுக்குள் இருக்கும்வரைதான் சும்மா இருக்கின்றன.

வடிவங்களைக் கண்ணுக்குப் பழக்குங்கள். கட்டம்கட்டமாக வரிப்பள்ளம் போட்ட, கைப்பிடி அளவு வார்ப்பிரும்பு உருண்டை கைக்குண்டு. ஒரு முனை கூம்பாகவும் மறுமுனையில் சிறகுத் தகடுகளோடும் இருப்பது மோர்ட்டார் குண்டு. பூவாளித் தலையைப் போன்ற பித்தளைக் கூம்பு பீரங்கிக் குண்டை வெடிக்கவைக்கும் ஃபியூஸாக இருக்கலாம். பென்சில் கனத்தில், விரல் நீளத்தில் செம்பு அல்லது அலுமினியக் குழாய், வெடியைத் தூண்டும் டெட்டனேட்டராக இருக்கலாம். கடைசியில் சொன்னதைத்தான் புதியவர்கள் பேனா மூடி என்று நினைத்துக் கையில் எடுக்கிறார்கள். விரல்களைக் கொண்டுபோக அது போதும்.

தோட்டாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உரிமம் இல்லாமல் தோட்டாவை வைத்திருப்பது ஆயுதச் சட்டம் 1960-இன்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பழையது, துருப்பிடித்தது, ஞாபகார்த்தமாக எடுத்தேன் என்றெல்லாம் சொல்லி நிற்க முடியாது. எங்கள் குழுவில் சுட்டுத்தீர்ந்த வெற்று உறையைக்கூட யாரும் பையில் போடுவதில்லை. இருந்த இடத்திலேயே படம் எடுத்து, போலீஸுக்குச் சொல்லி, அவர்கள் கேட்டபடி செய்கிறோம்.

4. என்னென்ன எடுத்துப்போவது

மெஷினில் மண் சமன் செய்யும் வசதி கட்டாயம் வேண்டும். இங்குள்ள செம்மண்ணில் இரும்புத் தாது அதிகம். சமன் செய்யாத மெஷின் மண்ணைப் பார்த்தே கத்திக்கொண்டிருக்கும். பல அலைவரிசையில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் மெஷின் இருந்தால் நல்லது. விலை குறைந்த ஒற்றை அலைவரிசை மெஷின் உப்பு ஈரமணலில் ஓயாமல் பொய்ச் சத்தம் கொடுக்கும். மேட்டு நிலத்தில் சமாளித்துவிடலாம். குழிக்குள் பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் கையடக்கப் பின்பாயிண்டர் ஒன்று, ஹெட்போன் ஒன்று.

தோண்டுவதற்குச் சிறிய கைக்கரண்டியும் ஒடுக்கமான மண்வாரியும் மட்டும். பெரிய மண்வெட்டி வேண்டாம். தோட்டத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளின் கை தானாக மண்வெட்டிக்குத்தான் போகும். தலைக்கு மேல் ஓங்கி ஒரே வெட்டில் மண்ணைப் புரட்டுவது அவர்களுக்குச் சுலபம். அந்த வெட்டு எதன்மேல் விழும் என்று தெரியாத நிலத்தில் அதைக் கொண்டுபோகவே கூடாது.

தடித்த கையுறை, முழுக்கால் சட்டை, பூட்ஸ். எலிச் சிறுநீர் கலந்த சேற்றில் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல் வரும்; கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று தோண்டும் வேலையை வேறொருவருக்குக் கொடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். கொசு மருந்து, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், முதலுதவிப் பெட்டி. இவற்றோடு நூல்கயிறு, மூங்கில் குச்சிகள், அளவுகோல், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகள், அழியாத மை பேனா, தார்ப்பாய்த் துண்டு.

5. வீட்டுக் கொல்லையில் பத்து மணி நேரம்

மெஷின் பேசுவது ஒரு மொழி. அதைக் காட்டில் போய்க் கற்றுக்கொள்ள முடியாது. வீட்டுக் கொல்லையிலோ நண்பரின் வெற்று மனையிலோ பொருள்களைப் புதைத்துப் பழகுங்கள். ஒரு பழைய செப்புக் காசு, பித்தளைக் குழாய்த் துண்டு, ஆணி, குளிர்பான டின்னின் காதுவளையம், பாட்டில் மூடி, பால்மரத்தில் அடிக்கும் தகரத் துண்டு. 5, 10, 15 சென்டிமீட்டர் ஆழங்களில் வையுங்கள். எது எங்கே என்று மனைவியோ தம்பியோ எழுதி வைத்துக்கொள்ளட்டும். உங்களுக்குத் தெரியக் கூடாது.

தகரத் துண்டைச் சேர்க்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பழைய பால்மரக் காட்டில் பாலை மங்குக்குள் (பால் சேரும் கிண்ணம்) வழியவிட அடித்த தகரமும் மங்கைத் தாங்கிய கம்பியும் மரத்துக்கு மரம் மண்ணில் கிடக்கும். அந்தச் சத்தத்தை அடையாளம் தெரியாதவர் காலை முழுவதும் தகரமே தோண்டிவிட்டு, அலுத்துப்போய், அடுத்த வாரம் வரமாட்டார்.

இன்னொரு பெரிய தவறும் இங்கேதான் தொடங்குகிறது. ஆணித் தொல்லை தாங்காமல், இரும்பை ஒதுக்கும் அமைப்பை முழுதாகத் திருகிவிடுவார்கள். மெஷின் உடனே அமைதியாகிவிடும். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் போர்க்கால நிலத்தில் இரும்பின் சத்தம்தான் உங்களைக் காப்பாற்றுவது. காலடியில் பெரிய இரும்பு இருக்கிறது என்று மெஷின் சொல்ல வேண்டும். நீங்கள் அதன் வாயைக் கட்டிவிட்டீர்கள். இரும்புச் சத்தத்தைக் குறைத்து வையுங்கள், அணைக்காதீர்கள்.

புதிதாகப் புதைத்த பொருளும் எண்பது ஆண்டு கிடந்த பொருளும் ஒரே மாதிரிப் பேசாது. பழைய இரும்பைச் சுற்றித் துரு மண்ணில் ஊறியிருக்கும். சத்தம் பொருளைவிட அகலமாகக் கேட்கும். அதைக் கொல்லையில் பழக முடியாது, காட்டில் போகப்போகப் பிடிபடும்.

6. நால்வருக்கு நான்கு வேலை

நண்பர்கள் சேர்ந்து போனால் எல்லோரும் மெஷின் பிடிக்க ஆசைப்படுவார்கள். அதுதான் குழப்பத்தின் வேர். நாங்கள் இப்படிப் பிரிக்கிறோம்: ஒருவர் மெஷின், ஒருவர் தோண்டுகிறவர், ஒருவர் நோட்டுப் புத்தகம், ஒருவர் காவல். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம்.

காவலில் இருப்பவர் சும்மா நிற்பதாக நினைக்க வேண்டாம். மற்ற மூவரும் மண்ணைப் பார்த்துக் குனிந்திருக்கும்போது வானம், பாம்பு, இடி, வழிப்போக்கர் எல்லாவற்றையும் பார்ப்பவர் அவர்தான். "நிறுத்து" என்று அவர் சொன்னால் காரணம் கேட்காமல் எல்லோரும் கையை எடுத்துவிட வேண்டும். காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். குழுவில் யார் மூத்தவர், யார் மெஷின் வாங்கிக்கொடுத்தவர் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்கு முன்னால் செல்லாது.

இரண்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடினால் இடையில் பத்து மீட்டராவது விடுங்கள். நெருங்கினால் ஒன்றின் அலை மற்றொன்றைக் கலக்கும். பொய்ச் சத்தம் கேட்கும்.

7. கயிறு கட்டி, மெதுவாக

காலை ஏழரைக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு முடித்துவிடுகிறோம். பிற்பகலில் இங்கே இடிமழை அடிக்கடி வரும். உலோகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திறந்தவெளியில் நிற்கும் வேலை இது. முதல் இடிச்சத்தத்தோடு அன்றைய வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை மீட்டர் அகலத்தில் இரண்டு கயிறுகளை இணையாகக் கட்டி, இருபது மீட்டர் நீளத்துக்குப் பாதை அமையுங்கள். அந்தப் பாதையை முடிக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். கயிறு இல்லாமல் நடந்தால் கால் சத்தம் வரும் திசைக்கே போகும். ஒரே இடத்தை மூன்று தடவை தேடிவிட்டுப் பக்கத்து இடத்தைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள். எங்களுக்கே முதல் இரண்டு மாதம் அப்படித்தான் வீணாயிற்று.

மெஷினின் அடியிலுள்ள வட்டத் தட்டு, அதாவது காயில் (coil), தரைக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில், தரைக்கு இணையாகப் போக வேண்டும். வீச்சின் இரு முனைகளிலும் புதியவர்கள் கையை ஊஞ்சல்போல் மேலே தூக்கிவிடுவார்கள். அந்த ஓரங்களில் ஆழம் போய்விடும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். வாசலில் கோலத்துக்கு முன் பெருக்குவதுபோல என்று நான் சொல்லிக்கொடுப்பேன். ஈர்க்கு ஈர்க்காக, இடைவெளி விடாமல்.

சத்தம் கேட்டால் உடனே குனியாதீர்கள். மூங்கில் குச்சி ஒன்றை நட்டுவிட்டுப் பாதையை முடியுங்கள். குச்சிகள் எப்படி விழுந்திருக்கின்றன என்று எழுந்து நின்று பார்த்தால்தான் எங்கே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பது தெரியும்.

8. தோண்டலாமா, வேண்டாமா

எல்லாக் குச்சியையும் தோண்டுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் மூன்று சோதனை செய்கிறோம்.

முதலாவது, உயரச் சோதனை. சத்தத்துக்கு மேலே காயிலை மெதுவாக முழங்கால்வரை தூக்குங்கள். சின்னப் பொருளாக இருந்தால் ஒரு சாண் உயரத்திலேயே சத்தம் செத்துவிடும். முழங்கால் உயரத்திலும் கேட்டால் கீழே இருப்பது பெரியது. குச்சியைப் பிடுங்கி, சிவப்புத் துணி கட்டிய குச்சியை நட்டுவிட்டு நகருங்கள். உலோக வகையை மெஷின் திரையில் ஓர் எண்ணாகக் காட்டும்; பெரிய இரும்பு சில சமயம் வெள்ளிக் காசுக்குரிய உயர்ந்த எண்ணைக் காட்டும். எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். உயரச் சோதனை அப்படி ஏமாற்றாது.

இரண்டாவது, அகலச் சோதனை. குறுக்கும் நெடுக்குமாக, கூட்டல் குறிபோல வீசிப் பாருங்கள். சத்தம் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம்? காயிலைவிட அகலமாக இருந்தால் அதுவும் சிவப்புத் துணிதான்.

மூன்றாவது, சுற்றுப்புறம். வட்டமான பள்ளம், அதைச் சுற்றிச் சிதறலாக இரும்புச் சத்தங்கள் இருந்தால் அது குண்டு விழுந்த குழியாக இருக்கலாம். அந்தப் பகுதி முழுவதையும் விட்டுவிடுங்கள்.

மூன்றிலும் தேறியதைத்தான் தோண்டுகிறோம். அதுவும் 25 சென்டிமீட்டர்வரை மட்டும். அதற்குக் கீழே போகச் சொல்லி மனசு எவ்வளவு கெஞ்சினாலும் போவதில்லை.

9. தோண்டும் விதம்

புல் இருக்கும் இடத்தில் குதிரை லாட வடிவில் மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கீல்போல விட்டுத் திருப்புங்கள். வேர் அறுபடாது, மூடினால் புல் மறுபடி பிடித்துக்கொள்ளும். சத்தத்தின் நடுவில் கரண்டியைக் குத்தாதீர்கள். ஒரு சாண் தள்ளி ஓரத்திலிருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டே உள்ளே போங்கள். மண்ணைத் தார்ப்பாயில் போட்டு, இரண்டு மூன்று கரண்டிக்கு ஒருமுறை பின்பாயிண்டரால் குழியையும் மண்ணையும் பாருங்கள்.

ஓரத்திலிருந்து வரச் சொல்வது ஏன் என்பதற்கு ஒரு காலைப் பொழுதைச் சொல்கிறேன். எங்களோடு புதிதாக வந்த ஒரு தம்பி நேராக நடுவில் இறங்கினான். உயரச் சோதனையை அவசரமாகச் செய்திருக்கிறான். கரண்டி எதிலோ "ணங்" என்று பட்டது. "அண்ணே, இரும்புதாண்ணே, பெரிசா இருக்கு. தண்ணி ஊத்தி மண்ணக் கழுவட்டுமா?" என்றான். காவலில் இருந்த நண்பர் "நிறுத்து" என்றார். நான் போய் எட்டிப் பார்த்தேன். சேற்றுக்கு வெளியே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தகட்டு விளிம்பு தெரிந்தது. அதற்கு இணையாக இன்னொன்று. சிறகுகள். "கைய எடு தம்பி. கரண்டிய அப்படியே கீழ வை. வந்த வழியே பின்னால வா" என்றேன். அவன் கரண்டியை வைக்கும்போது கை நடுங்கியது இன்னும் எனக்குக் கண்ணிலேயே இருக்கிறது. போலீஸின் வெடிகுண்டுச் செயலிழப்புப் பிரிவு வந்து, மோர்ட்டார் குண்டு என்று உறுதிசெய்து, அதை எடுத்துக்கொண்டு போனது. கரண்டி இன்னும் இரண்டு அங்குலம் தள்ளிப் பட்டிருந்தால் என்ற நினைப்பில் அன்று இரவு நான் தூங்கவில்லை.

தோட்டா உறைபோலத் தெரிந்தால் எடுக்காமல் குழியிலேயே பாருங்கள். பிரிட்டிஷ், இந்தியப் படைகளின் .303 உறைக்கு அடியில் வெளியே துருத்திய விளிம்பு இருக்கும். அடிப்பக்கத்தில் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். இந்தியாவின் கிர்க்கி ஆலையில் செய்தவற்றில் கே, எஃப் என்ற இரு எழுத்துகள் உண்டு. ஜப்பானியத் தரைப்படையின் 6.5 மில்லிமீட்டர் ரைஃபிள் உறையின் அடிப்பக்கம் வெறுமையாக இருக்கும். முனையில் குண்டு செருகியபடியே இருந்தால் அது உயிருள்ள தோட்டா. பதினோராவது படிக்குப் போங்கள்.

10. எடுக்கும் முன் எழுது

பொருள் கண்ணில் பட்டதும் எல்லோருடைய கையும் ஒரே நேரத்தில் குழிக்குள் போகும். நோட்டுப் புத்தகக்காரர் அனுமதிக்கும்வரை யாரும் எடுக்கக் கூடாது. பக்கத்தில் அளவுகோல் வைத்து மேலிருந்து ஒரு படம், குழியோடு சேர்த்து ஒரு படம், தள்ளி நின்று மரங்களோடு ஒரு படம். பிறகு வரிசை எண், ஜிபிஎஸ் புள்ளி, ஆழம், அருகில் என்னென்ன கிடைத்தன, தேதி. அதே எண்ணைப் பையிலும் எழுதுங்கள்.

இதைச் செய்யாததால் நாங்கள் இழந்தது எனக்கு இப்போதும் வலிக்கிறது. தொடக்கக் காலத்தில் லாட வடிவச் சிறு இரும்பு ஒன்று கிடைத்தது. குதிரைக்கு மிகச் சிறியது. பூட்ஸின் குதிகாலில் அடிக்கும் இரும்பு. அந்தக் காலத்தில் பால் வெட்டப் போனவர்கள் யாரும் இரும்படித்த பூட்ஸ் போடவில்லை. அது நிச்சயம் ஒரு சிப்பாயின் காலிலிருந்து வந்தது. குஷியில் படம்கூட எடுக்காமல் எடுத்துவிட்டோம். மூன்று வாரம் கழித்து அதன் ஜோடி கிடைத்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்திருந்தால் ஒருவர் அங்கே பூட்ஸைக் கழற்றி வைத்திருக்கிறார், அல்லது அங்கேயே படுத்துவிட்டார். தள்ளிக் கிடந்திருந்தால் ஓடியிருக்கிறார். முதல் இரும்பு எங்கே கிடந்தது என்று நால்வரும் நான்கு இடத்தைக் காட்டினோம்.

தேதி கண்டுபிடிக்கக் காசு உதவும். ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட சதுர ஒரு சென்ட் காசில் ஆண்டு இருக்கும். 1943, 1945 என்று போட்ட சதுரக் காசு கிடைத்தால், போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பிய பிறகு அங்கே ஆட்கள் நடமாடியிருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். 1941 பின்வாங்கலோடு அதைச் சேர்த்துவிடாதீர்கள்.

11. வெடிபொருளோ எலும்போ தென்பட்டால்

வெடிபொருள் என்று சந்தேகம் வந்தாலே போதும், உறுதிசெய்துகொள்ளக் கிட்டப் போகாதீர்கள். தொடாமல், நகர்த்தாமல், மண்போட்டு மூடாமல், தண்ணீர் ஊற்றாமல், வந்த தடத்திலேயே திரும்புங்கள். நூறு மீட்டராவது தள்ளி வந்தபின் 999-ஐ அழையுங்கள். போனை அங்கே வந்துதான் எடுக்க வேண்டும். ஜிபிஎஸ் புள்ளி, சிவப்புத் துணியின் அடையாளம், பாதை எந்தப் பக்கம் என்பதைச் சொல்லுங்கள். ஒருவர் சாலைமுனையில் நின்று போலீஸை அழைத்துவர வேண்டும். செம்பனைக் காட்டுக்குள் அவர்களாக வழி கண்டுபிடிப்பது கஷ்டம். நிலத்துக்காரருக்கும் உடனே சொல்லுங்கள், ஆடுமாடு மேய்ப்பவர் அந்தப் பக்கம் போகாமல் அவர் பார்த்துக்கொள்வார்.

எலும்பு தெரிந்தாலும் அன்றைய வேலை அத்தோடு நின்றது. அது விலங்கா மனிதனா என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். போலீஸுக்குச் சொல்லுங்கள். பிரிட்டிஷ், இந்தியச் சிப்பாய்களின் கழுத்து அடையாள வில்லைகள் உலோகமல்ல, அழுத்திய நாரால் செய்தவை. மெஷின் அவற்றைப் பார்த்து வாயே திறக்காது. ஜப்பானியருடையது நீள்வட்டப் பித்தளைத் தகடு. மெஷின் கத்தவில்லை என்று மண்ணைக் கிளறினால், ஒருவருடைய பெயரைச் சொல்லக்கூடிய கடைசிப் பொருள் துண்டுதுண்டாகிவிடும். தைப்பிங் போர்க் கல்லறைக்கு ஒருமுறை குழுவோடு போய்ப் பெயரில்லாத கற்களின் வரிசையைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு யாருக்கும் இந்த விதியை இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்காது.

12. சுத்தம் செய்வது, ஒப்படைப்பது

வீட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கைகள் நம்முடையவை. பித்தளைப் பட்டனைக் கண்டதும் புளியைத் தேடுவார்கள். வேண்டாம். அந்தப் பச்சைப் படலத்துக்குள்தான் எழுத்தும் சின்னமும் தங்கியிருக்கும். புளியின் அமிலம் அதையும் சேர்த்துத் தின்றுவிடும். மென்மையான பல்துலக்கியால் காய்ந்த மண்ணை மட்டும் தட்டிவிடுங்கள். நிழலில் உலர்த்துங்கள். இரும்பைக் கழுவவே வேண்டாம். உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

பொருள்களையும் நோட்டின் நகலையும் சேர்த்து, உரிமத்தில் சொல்லியபடி ஒப்படையுங்கள். வாங்கிக்கொண்டதற்கு எழுத்தில் ரசீது கேளுங்கள். விற்கிறோமா என்று கேட்டு ஆட்கள் வருவார்கள். குழுவில் ஒருவர் விற்கத் தொடங்கினால் அனுமதியும் போகும், நிலத்துக்காரரின் நம்பிக்கையும் போகும்.

13. குழியை மூடி, சொல்லிவிட்டு வருவது

தார்ப்பாயில் இருக்கும் மண்ணை அடிமண் முதலில், மேல்மண் கடைசியில் என்று போட்டு, புல் மடிப்பைத் திருப்பி, பூட்ஸால் மிதித்துவிடுங்கள். தோண்டியெடுத்த தகரம், கம்பி, டின் மூடி எல்லாவற்றையும் சாக்கில் போட்டு நீங்களே எடுத்துப்போங்கள். விட்டுவந்தால் பழம் பொறுக்க வருகிறவரின் காலில் குத்தும். அடுத்த முறை உங்கள் மெஷினும் அதற்கே கத்தும்.

குச்சிகளையும் கயிற்றையும் எண்ணி எடுங்கள். சிவப்புத் துணிக் குச்சிகள் மட்டும் இருக்கட்டும். அவை எங்கெங்கே நிற்கின்றன என்று ஒரு தாளில் வரைந்து, கிளம்பும்போது நிலத்துக்காரர் கையில் கொடுத்து, உரம் போடவும் குழி வெட்டவும் வருகிற ஆட்களிடம் காட்டச் சொல்லுங்கள். தாளின் ஒரு பிரதி நோட்டில் ஒட்டியிருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை முதல் கயிறு கட்டும் முன் அதைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறீர்கள்.